பழைய தாளின் மேல் விழுந்த பழி: ஓர் ஆர்ட் ஜர்னலின் நிகழ்வு ஆய்வு

மேசைக்கு வந்தது ஓர் ஆர்ட் ஜர்னல், அதாவது பக்கங்களில் படம் வரைந்தும் துண்டுகளை ஒட்டியும் நிரப்பும் நோட்டுப் புத்தகம். ஏ5 அளவு. முதுகில் ஒன்றரை சென்டிமீட்டர் கனம். புரட்டும் விளிம்பில் அளந்தால் நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாயைப் பிளந்துகொண்டு நின்றதை ஒரு துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மேலட்டை வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. நடுவில் சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்த் திறக்கவே வரவில்லை. ஓரிடத்தில் கறுத்துப்போன பில் தாள், இன்னோரிடத்தில் துருக்கறை, ஒரு காய்ந்த இலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்.

செய்தவர் எனக்குத் தெரிந்தவர். தாள் தயாரித்ததிலிருந்து தைத்தது வரை எல்லாம் அவர் கைவேலை. “பழைய பேப்பர்ல பண்ணினா இப்படித்தான் ஆகும்னு சொல்றாங்க. இதைப் பிரிச்சுப் போட்டுட்டு, நல்ல தாள்ல புதுசா பண்ணிடலாமா?” என்று கேட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தபிறகு நான் கண்டது நேர் எதிரானது. அந்த ஜர்னலில் பெரும்பாலும் அசையாமல் இருந்ததே அந்தப் பழைய தாள்தான். கெட்டுப்போனவை பெரும்பாலும் அதன் மேல் ஏறியவை. அவற்றிலும் பாதி, கடையில் புத்தம் புதிதாக வாங்கியவை.

எதை வைத்துச் செய்தார்

ஒரு பக்கம் அச்சான அலுவலகத் தாள்கள், பழைய கடித உறைகள். ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, கூழைத் தொட்டியில் கரைத்து, வலை கட்டிய சட்டகத்தால் அள்ளித் துணியில் கவிழ்த்து எடுத்தவை. வெட்டாமல் கையால் கிழித்துத்தான் ஊறவைத்தாராம். அது சரியான பழக்கம், நார் நீளமாக நிற்கும். கூழைப் பிடிக்கவைக்கப் பசை எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை. நீர் வற்ற வற்ற, செல்லுலோஸ் நார்கள் நெருங்கி ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தாள் என்பதே அந்தப் பிடிதான்.

நான்கு நான்கு தாளாக ஒன்றுக்குள் ஒன்று மடித்து ஆறு ஃபாரம். ஆக 48 இதழ், 96 பக்கம். தையல் காப்டிக் முறை: முதுகில் பசையே இல்லாமல், ஒரு ஃபாரத்தை அடுத்ததோடு சங்கிலி போலக் கோத்துக்கொண்டு போகும் பழைய தையல். இதைத் தேர்ந்தெடுத்ததுதான் கடைசியில் ஜர்னலைக் காப்பாற்றியது. முதுகில் பசை போட்டு பைண்டிங் செய்திருந்தால், சேதமில்லாமல் பிரித்திருக்கவே முடியாது.

மேலே ஏறியவை: ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), அக்ரிலிக் வண்ணம், பளபளப்பான அக்ரிலிக் மீடியம் (நிறமில்லாத பூச்சு), செய்தித்தாள் துண்டுகள், பில்கள், பழைய ஜீன்ஸ் துணி, பித்தான், இரும்பு வாஷர், இலைகள், செல்லோ டேப். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையும் மைதாப் பசையும்.

தாளைச் சோதித்தபோது

பழைய தாள் கெடும் என்பதற்குச் சொல்லும் காரணம், அதில் அமிலம் இருக்கும், அது நாரை அரிக்கும் என்பது. அதைச் சோதிக்கப் பிஎச் பேனா என்று ஒன்று உண்டு. தாளில் ஒரு கோடு போட்டால் அமிலத் தாளில் மஞ்சளாகவே நிற்கும். காரத் தாளில் ஊதாவாக மாறும். கோடு அழியாது என்பதால் கழித்த ஓரத்துண்டில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் செய்த தாளின் துண்டில் கோடு பளிச்சென்று ஊதாவானது. ஒட்டியிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் மஞ்சள்.

இதற்குக் காரணம் காகிதத்தின் வரலாற்றில் இருக்கிறது. ஐரோப்பாவில் பழைய துணிக் கந்தலிலிருந்து காகிதம் செய்த காலத்தில் அது நெடுநாள் நின்றது. 1807இல் இல்லிக் என்ற ஜெர்மானியர், மை பரவாமலிருக்கத் தாளுக்குப் பைன் மரப் பிசினும் படிகாரமும் சேர்க்கும் முறையை வெளியிட்டார். செலவு குறைந்தது, கூடவே தாளுக்குள் அமிலமும் புகுந்தது. 1840களில் கெல்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்ததும், மர நார்களைப் பிணைக்கும் லிக்னினும் தாளோடு வந்து சேர்ந்தது. லிக்னின் ஒளியும் காற்றும் பட்டால் பழுக்கும். நூலகங்களில் தொட்டால் உதிரும் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டின் வேலை. செய்தித்தாள் இன்றைக்கும் அரைத்த மரக்கூழ் சார்ந்ததுதான்.

ஆனால் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதும் தாள், நகல் தாள் ஆலைகளில் பெரும்பாலானவை கார முறைக்கு மாறிவிட்டன. வெண்மைக்காகவும் மலிவுக்காகவும் தாளில் கால்சியம் கார்பனேட்டை நிரப்பினார்கள். அமிலத்தை அடக்குவது அதன் கூடுதல் குணம். நீடித்து நிற்கும் தாளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9706 கேட்பதும் இதைத்தான்: குறைந்தது 2 சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பு. நம் ஜர்னல்காரர் குப்பைக்கூடையிலிருந்து எடுத்த நகல் தாள், அந்தச் சேமிப்பில் ஒரு பங்கைத் தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. கூழைக் கழுவும்போது கொஞ்சம் நீரோடு போயிருக்கும். அவர் தாள் அந்தத் தரத்தை எட்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘பழையது என்றால் அமிலம்’ என்ற பேச்சு இங்கே எடுபடவில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். ஆலையிலேயே ஒரு நார் ஐந்திலிருந்து ஏழு சுற்றுக்குமேல் தாங்காது என்பது பொதுவான கணக்கு. அதனால் இந்தத் தாள் புது தாளைவிடச் சுலபமாகக் கிழியும். தையல் துளைகள் சில நீண்டிருந்தன. இரண்டு தாள்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன: மாவு போலச் சொரசொரத்து, மடிப்பில் உதிர்ந்தவை. விசாரித்தால், அந்தத் தொட்டியில் பளபளக்கும் வார இதழ்களையும் போட்டாராம். அந்தப் பளபளப்பு பெரும்பாலும் களிமண் போன்ற கனிமப் பூச்சு. கூழில் நாருக்குப் பதில் மண் நிறைந்தால் தாள் எப்படி நிற்கும்?

வீக்கத்தின் கணக்கு

இதுதான் முக்கியமான கோளாறு. ஆனால் இது வெறும் கூட்டல் கணக்கு. ஒரு தாளின் கனம் சராசரி 0.3 மில்லிமீட்டர். 48 இதழுக்கு 14.4 மில்லிமீட்டர். முதுகின் ஒன்றரை சென்டிமீட்டர் வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஜெஸ்ஸோ, வண்ணம், ஒட்டிய துண்டுகள் எல்லாம் சேர்ந்து சராசரியாகக் கால் மில்லிமீட்டர் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கால் மில்லிமீட்டர் என்றால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். 96 பக்கத்துக்கு அது 24 மில்லிமீட்டர். மொத்தம் 38. அளவுகோல் காட்டிய நான்கு சென்டிமீட்டர் இங்கிருந்துதான் வந்தது. வேறு மர்மம் எதுவுமில்லை.

கனம் ஏறுவது பக்கத்தின் பரப்பில். தையல் விழுந்த மடிப்பில் ஏறுவதில்லை. அதனால் எந்தத் தாளில் செய்தாலும், எவ்வளவு உயர்ந்த தாளில் செய்தாலும், கொலாஜ் செய்த, அதாவது துண்டுகள் ஒட்டிய புத்தகம் வாயைப் பிளக்கும். விலையுயர்ந்த வாட்டர்கலர் தாளில் செய்திருந்தால் தாளே தடிமன் என்பதால் விகிதம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். பழைய புகைப்பட ஆல்பங்களைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு இதழுக்கும் இடையில் முதுகோரமாக ஒரு குறுகிய பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். படம் ஒட்டும்போது வரப்போகும் கனத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கிய இடம் அது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பல ஸ்க்ராப் புத்தகங்களில் இந்தப் பட்டை இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஒட்டுவதற்கென்றே விற்கும் புத்தகத்தில் ஒட்ட இடம் விடவில்லை என்றால் என்ன அர்த்தம்?

இதற்கு வழக்கமாகச் சொல்லும் யோசனை, வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு ஃபாரத்திலும் சில இதழ்களை முதுகோரமாக ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுத்துவிடுவது. நல்ல யோசனைதான், ஆனால் வெற்றுப் புத்தகத்துக்கு. இங்கே 48 இதழிலும் வேலை முடிந்திருந்தது. அப்படியானால் நான்கு தாள் ஃபாரத்தை இரண்டு இரண்டாகப் பிரித்துப் பன்னிரண்டு ஃபாரமாக்கலாமா? முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த தாளில் முதல் இதழும் எட்டாவது இதழும் ஒரே தாள். பிரித்தால் பக்க வரிசை மாறிவிடும். அவரோ பல ஓவியங்களை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்திருந்தார்.

மிஞ்சிய ஒரே வழி, தையலைப் பிரித்துத் தாள்களுக்கு இடையில் பட்டைகளைச் செருகித் திரும்பத் தைப்பது. அதற்குமுன் மற்றச் சிக்கல்களைத் தீர்க்க வேண்டியிருந்தது.

ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

மூன்று விரிப்புகள், அதாவது எதிரெதிரான பக்க ஜோடிகள், பிரியவில்லை. மூன்றிலும் இருபுறமும் அக்ரிலிக், அதற்கு மேல் பளபளப்பு மீடியம். காய்ந்து நாளாகியும் ஏன் ஒட்டியது? அக்ரிலிக் எண்ணெய் வண்ணத்தைப் போல இறுகிப்போகும் பொருள் இல்லை. நீர் போனபின் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் படலம். சூடு ஏற ஏற அது இளகும். பளபளப்பு மீடியத்தின் மேற்பரப்பு வழவழவென்று இருப்பதால் இரண்டு படலங்கள் முழுப் பரப்பிலும் தொட்டுக்கொள்ளும். ஜர்னல் புழுக்கமான அலமாரியில், அதுவும் வீக்கம் அமுங்கட்டும் என்று கனத்த புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. சூடு, அழுத்தம், வழவழப்பு மூன்றும் கூடினால் ஒட்டாமல் என்ன செய்யும்?

சூட்டில் இளகுவது குளிரில் விறைக்கும். ஒட்டிய விரிப்புகளைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் வைத்தோம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்து, நேரம் கடத்தாமல் மூலையை இலேசாக வளைத்தால், ‘டிக் டிக்’ என்று சின்னச் சத்தத்தோடு விடத் தொடங்கும். அந்த இடைவெளியில் கூரில்லாத மெல்லிய எஃகுத் தகட்டை நுழைத்து, தாளை இழுக்காமல், தகட்டைத் தாளுக்கு இணையாகப் படுக்கவைத்து நகர்த்த வேண்டும். தாளை இழுத்தால் வண்ணத்தோடு நாரும் பிய்ந்துகொண்டு வரும். குளிர் குறைந்து தகடு வழுக்காமல் இழுபட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு மறுபடி ஃப்ரீசர். விறைத்த நிலையில் முரட்டுத்தனமாக மடக்கினால் வண்ணமே வெடித்துவிடும், அதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டு விரிப்புகள் சுத்தமாகப் பிரிந்தன. மூன்றாவதில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் இடப்பக்கத்திலிருந்து பெயர்ந்து வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. அதைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், நான் போட்டதைவிட இது நல்லாருக்கு” என்றார். பார்த்தால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

திரும்ப ஒட்டாமலிருக்க இரண்டு வேலை செய்தோம். மேற்பரப்பில் கலைஞர்கள் பயன்படுத்தும் மெழுகுப் பசையை மிக மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்தபின் துணியால் மெருகேற்றினோம். அப்புறம் விரிப்புகளுக்கு நடுவே சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாளை வெட்டிவைத்தோம். சாதாரண மெழுகுத்தாள் வேண்டாம். வெயில் நாளில் அந்த மெழுகே இளகிப் பக்கத்தில் படியும்.

சில்லறைச் சேதங்கள்

பில் தாள் கறுத்ததற்குக் காரணம் இஸ்திரிப்பெட்டி. பக்கம் சுருங்கிவிட்டதென்று பின்புறத்தில் இஸ்திரி போட்டிருக்கிறார். இப்போது வரும் பில்கள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகுபவை. தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடத்தில் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. முழுத் தாளுக்கும் சூடு காட்டினால் முழுத் தாளும் எழுத்தாகிவிடும். இஸ்திரி போடாமல் விட்டாலும் நாளடைவில் வெளுத்துக் காணாமல் போகும். சாராயம் கலந்த மை பட்டாலும் கறுக்கும். இதை மீட்க வழியில்லை. பில்லில் இருப்பது முக்கியமென்றால் லேசர் நகல் எடுத்து ஒட்டலாம். லேசர் அச்சின் மை பிளாஸ்டிக் தூள் என்பதால் பசை ஈரத்தில் கரையாது. வீட்டு இங்க்ஜெட் அச்சு பல நேரம் கலங்கிவிடும்.

செல்லோ டேப்பை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காட்டி உரித்தேன். நாடா வந்தது, மஞ்சள் கறை தாளில் தங்கிவிட்டது. அந்தப் பசை நாருக்குள் ஊறி நிறம் மாறினால் வீட்டில் எடுக்க முடியாது. கறையின் மேல் அவர் ஒரு துணித்துண்டை ஒட்டிவிட்டார், சரி.

செய்தித்தாள் துண்டுகள் பழுத்ததோடு, எதிர்ப்பக்கத்தில் தம் வடிவத்திலேயே ஒரு பழுப்பு நிழலையும் விட்டிருந்தன. அமிலம் அண்டை வீட்டுக்கும் போகும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912இல் ஒட்டத் தொடங்கிய செய்தித்தாள்கள் இன்று அருங்காட்சியகச் சுவரில் பழுப்பாகத்தான் தொங்குகின்றன. அந்த நிறத்தோடு சேர்த்தே நாம் அவற்றைப் பார்க்கப் பழகிவிட்டோம். பழுக்கும் என்று தெரிந்து ஒட்டினால் அது ஒரு வண்ணத் தேர்வு. இங்கே நான் செய்தது, நிழல் விழும் பக்கங்களுக்கு இடையில் அவருடைய நகல்தாள் கூழில் செய்த மெல்லிய தாளையே செருகியது மட்டும். ஊதாக் கோடு காட்டிய அதே தாள்.

வாஷர் துருப்பிடித்தது ஈர ஜெஸ்ஸோவில் பதித்ததால். துருவை ‘பழமை அழகு’ என்று விரும்பிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் இரும்பு, செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும். பல ஆண்டுகளில் அந்த வட்டம் மட்டும் ஓட்டையாக உதிரலாம். வாஷரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, இருபுறமும் வார்னிஷ் அடித்து, ஒட்டாமல் நூலால் கட்டினோம்.

இலை, முழுக்கக் காயாமல் மைதாப் பசையில் உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் மாவும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும். ஜர்னலைத் திறந்தவாக்கில் காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் தட்டினோம். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சணம் தாளுக்குள் பரவிவிடும். மைதாப் பசையைக் குற்றம் சொல்லமாட்டேன். நீர் தொட்டால் விட்டுக்கொடுக்கும் பசை அது, பழுதுபார்ப்பவருக்கு வரம். வெள்ளைப் பசை அப்படி விடாது. ஆனால் ஈரக்காற்று உள்ள இடத்திலும் இராமபாணப் பூச்சி நடமாடும் அலமாரியிலும் மெத்தில் செல்லுலோஸ் பசை பாதுகாப்பானது. அதுவும் நீரில் விடும், பூச்சியையும் அவ்வளவாக இழுக்காது.

மேலட்டை வளைந்த கதை

நெளி அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய ஒற்றை அடுக்கு. வெளியே ஜீன்ஸ் துணி ஒட்டியது, உள்ளே எதுவும் ஒட்டாதது. துணியும் தாளும் ஈரப்பசையில் விரிந்து, காயும்போது சுருங்கும். சுருங்கும் பக்கத்துக்கு அட்டை வளையும். உள்பக்கமும் ஒன்றை ஒட்டினால்தான் இரண்டு இழுப்பும் சமமாகும். பைண்டிங் செய்பவர்கள் எல்லோருக்கும் இது பாலபாடம், ஆனாலும் வீட்டில் செய்யும் அட்டைகளில் பாதி இப்படித்தான் வளைகின்றன. இன்னொரு அடுக்கை, நெளிவுக்கோடுகள் முதல் அடுக்குக்குக் குறுக்காக வரும்படி ஒட்டி, உள்ளே தாள் ஒட்டி, பலகைக்கு இடையில் அமுக்கிக் காயவைத்ததும் நேராகிவிட்டது.

திரும்பத் தைத்தது

தையலை அறுத்து ஃபாரங்களைப் பிரித்து, நீண்டிருந்த துளைகளை ஜப்பானியக் கோசோ தாளின் கிழித்த ஓரங்களாலும் மைதாப் பசையாலும் பலப்படுத்தினோம். கோசோவின் நார் நீளம். நம் தாளின் குட்டை நாருக்குத் துணையாக நிற்கும். உதிர்ந்த அந்த இரண்டு தாள்களின் மடிப்பு முழுவதும் அதே வைத்தியம்.

அப்புறம் பட்டைகள். 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள பழைய பெட்டி அட்டையில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குக் கீற்றுகள் வெட்டி நடுவில் மடித்தோம். ஃபாரத்தின் நான்கு தாள்களுக்கு இடையே மூன்று இடைவெளி. ஆறு ஃபாரத்துக்குப் பதினெட்டுக் கீற்று. ஒவ்வொன்றும் மடித்தால் இரண்டு அடுக்கு, 1.2 மில்லிமீட்டர். பெருக்கினால் 21.6. பழைய 14.4ஓடு கூட்டினால் முதுகு 36 மில்லிமீட்டர், விளிம்பு 38. பக்க வரிசை குலையவில்லை, ஓர் இதழையும் வெட்டவில்லை.

கீற்று வெட்டும்போது இழைப்போக்கைப் பார்த்தாக வேண்டும். ஆலைத் தாளிலும் அட்டையிலும் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையில் மடித்தால் வழுவழுவென்று மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். ஒரு துண்டை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் எது சுலபமாக வளைகிறது என்று கைக்கே தெரியும். போக்கு முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். சட்டகத்தில் அள்ளிய தாளுக்கு இந்தத் தொல்லை குறைவு. சட்டகத்தை இரு திசையிலும் அசைப்பதால் நார்கள் கலந்து விழுகின்றன.

புதுத் துளைகளைக் குத்தூசியால் போட்டு, மெழுகிட்ட லினன் நூலால் அதே காப்டிக் தையல். பட்டைகள் சில விரிப்புகளின் நடுவே ஒன்றரை சென்டிமீட்டருக்குத் தலைகாட்டின. சில படங்களில் அது துருத்திக்கொண்டுதான் தெரிகிறது. அவர் சிலவற்றுக்கு வண்ணம் பூசினார், சிலவற்றில் தேதியும் குறிப்பும் எழுதினார், இரண்டை அட்டை நிறத்திலேயே விட்டுவிட்டார்.

ஜர்னல் இப்போது நாடா இல்லாமல் மூடுகிறது. ஃப்ரீசரில் பிரித்த விரிப்புகளில் ஒன்று மழை நாட்களில் இன்னும் இலேசாகப் பிசுபிசுக்கிறது, அதனால் பேக்கிங் தாள் அங்கே நிரந்தரம். ஜர்னலும் படுக்காமல், அலமாரியில் நின்றபடியே இருக்கிறது. அடுத்த ஜர்னலுக்கு அவர் கூழ் அடித்தாயிற்று. இம்முறை வார இதழ் இல்லை, ஃபாரத்துக்கு மூன்று தாள்தான், பட்டைகளை முதல் தையலிலேயே சேர்த்துவிட்டார். பளபளப்பு மீடியத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.